டெயில் லைட்டுக்குள் தண்ணீர்

ஐப்பசி பிறந்துவிட்டால் என் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் முக்கால்வாசி ஒரே புகாரோடு வரும்: டெயில் லைட்டுக்குள் தண்ணீர். "அண்ணே, உள்ள மீனே வளர்க்கலாம், அவ்ளோ தண்ணி நிக்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வருஷம் முழுக்க அந்த லைட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓட்டுகிறவர் கண்ணில் படாமல், பின்னால் வருகிறவருக்காகவே எரிகிற விளக்கு அது. மழையில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, "சார், உங்க பிரேக் லைட் எரியல" என்று சொன்ன பிறகுதான் அதன் ஞாபகமே வரும்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் தொழிலில் டெயில் லைட் பெரிய வேலை இல்லை. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஏ.சி. ஒயரிங் என்று இவற்றில்தான் காசு. ஆனால், கார் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே தைரியமாகக் கைவைக்கிற வேலைகளில் இது ஒன்று. தாராளமாக வைக்கட்டும். பாக்ஸ் ஸ்பேனர் ஒன்றும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். எனக்குள்ள வருத்தம் வேறு. எல்லோரும் முதலில் கையில் எடுப்பது சிலிகான் டியூபைத்தான். அது கடைசியாக எடுக்கவேண்டியது. சில லைட்டுகளுக்கு எடுக்கவே வேண்டியதில்லை.

வேர்ப்பது வேறு, ஒழுகுவது வேறு. வாட்டர் வாஷ் முடிந்து வந்த வண்டியிலும், மார்கழிப் பனியில் வெளியே நின்ற வண்டியிலும் டெயில் லைட் கண்ணாடியின் உட்புறம் இட்லிக் கொப்பரை மூடியைப் போலப் பொடிப்பொடியாக வேர்த்திருக்கும். அது கோளாறே அல்ல. லைட்டைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஓட்டினால் பல்பின் சூட்டில் கலைந்துவிடும். அப்படி வருகிறவர்களை நான் காசு வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். சிலர் நம்பாமல் வேறு ஷெட்டுக்குப் போய்ப் பணம் கொடுத்துப் பூசிக்கொண்டும் வருவார்கள். கீழ் மூலையில் தண்ணீர் மட்டம் கட்டி நின்று, பிரேக் பிடித்தால் முன்னும் பின்னும் ஆடுகிறதா? அதுதான் ஒழுகல்.

டெயில் லைட் முழுக்க அடைத்த பெட்டி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி அடைக்கவும் முடியாது, அடைக்கவும் கூடாது. பிரேக் பல்பு 21 வாட். பார்க்கிங்குக்கு எரிவது 5 வாட். எரியும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும், அணைந்தால் சுருங்கும். மதிய வெயிலில் நின்ற வண்டியை நினைத்துப் பாருங்கள். உள்ளே 60 டிகிரி சூட்டில் இருந்த காற்று, திடீரென்று அடித்த மழையில் 25 டிகிரிக்கு இறங்கினால் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுத்தே தீரும். அதற்காகத்தான் தயாரிப்பாளர்களே லைட்டின் பின்புறம் ஒரு மூச்சு வழி வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் கீழ்நோக்கி வளைந்த சின்ன ரப்பர் குழாய்; சிலவற்றில் காற்றை விட்டுத் தண்ணீரை விடாத மெல்லிய வெள்ளைச் சவ்வு. இந்த வழி திறந்திருக்கும்வரை காற்று அதன் வழியாக வந்துபோகும். அடைபட்டால், எங்கே மயிரிழை விரிசல் இருக்கிறதோ அங்கேயிருந்து இழுக்கும். மழை நேரத்தில் அந்த விரிசலின் மேல் நிற்பது காற்றல்ல, தண்ணீர். சும்மா கிடந்தால் வெளியிலேயே வழிந்து போயிருக்கும் தண்ணீர், இப்போது உறிஞ்சப்பட்டு உள்ளே போகிறது.

நான் தொழில் கற்றது சென்னை புதுப்பேட்டையில். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தத் தெருக்களில் டெயில் லைட்டுகளைக் கயிற்றில் கோத்து வாழைத்தாராகத் தொங்கவிட்டிருப்பார்கள். அம்பாசிடருக்கும் மாருதி 800-க்கும் அப்போது கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்கும். வெளியிலேயே ஸ்க்ரூ தெரியும். கழற்றினால் கண்ணாடி கையோடு வந்துவிடும். பின்னால் ஒரு ரப்பர் கேஸ்கெட், அதற்குப் பின்னால் பல்பு. கேஸ்கெட் காய்ந்து வெடித்தால் தண்ணீர் போகும். புதிது வாங்கிப் போட்டால் தீர்ந்தது. ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கினால் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும், அவ்வளவுதான் அதில் இருந்த சூட்சுமம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாய், ஸ்க்ரூவைக் கடைசிச் சுற்றுக்கு விரல் நுனியால் மட்டுமே திருப்புவார். அந்த இரண்டு வண்டிகளின் தயாரிப்பும் 2014-ல் நின்றுபோனது. ஆனால், ஸ்க்ரூ போட்ட கண்ணாடி அதற்கு வெகு முன்பே மற்ற கார்களிலிருந்து போய்விட்டது.

இப்போது வருவதில் ஸ்க்ரூ கிடையாது. சிவப்புக் கண்ணாடி அக்ரிலிக். பின்னால் இருக்கும் கறுப்பு அல்லது சாம்பல் நிறக் கூடு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். இரண்டின் விளிம்பையும் சூடான தகட்டில் வைத்து உருக்கி, அப்படியே ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டிவிடுகிறார்கள். விளிம்பில் பிதுங்கி உறைந்த ஒரு சின்ன வரப்பு ஓடுவதை விரலால் தடவிப் பார்க்கலாம். பசை இல்லை, ரப்பர் இல்லை. இரண்டு பிளாஸ்டிக்கும் ஒன்றாகிவிட்டன. ஹெட்லைட் அப்படியல்ல. அதன் கண்ணாடி பாலிகார்பனேட்; பெரும்பாலும் பியூட்டைல் என்னும் கறுப்புக் கோந்தில் உட்கார்ந்திருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை லைட்டுகள் வீணாகின்றன என்று சொல்லி மாளாது. வீடியோவில் யாரோ ஹெட்லைட்டை ஓவனில் வைத்துச் சூடாக்கி அழகாகப் பிரித்துக் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் கேக் செய்கிற ஓவனில் டெயில் லைட்டை வைப்பார்கள். பாலிகார்பனேட் இளக 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்கு முன்பே பியூட்டைல் இளகிவிடும், அதனால் ஹெட்லைட் பிழைத்தது. அக்ரிலிக்கும் ஏ.பி.எஸ்ஸும் 100 டிகிரியைத் தாண்டும்போதே வளைய ஆரம்பிக்கும். இளகிக்கொடுக்க அங்கே பியூட்டைலும் இல்லை. கண்ணாடி வளைந்த பிறகு வண்டியின் உடம்பில் அது உட்காராது. வீட்டு ஓவனிலும் பிளாஸ்டிக் நெடி ஏறி, வீட்டில் இருப்பவர்களிடம் ஏச்சு கேட்டதுதான் மிச்சம்.

தண்ணீர் உள்ளே போக எத்தனை வழி என்று பாய் ஒரு கணக்கு வைத்திருப்பார். பல்பு ஹோல்டரைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம், ஒட்டிய விளிம்பு, கண்ணாடியின் மேல் விழுந்த அடி, அடைபட்ட மூச்சு வழி. அதற்கு மேல் எதுவும் இல்லை என்பார். "எங்கேருந்து வருதுன்னு தெரியாம டியூபைத் தொடாதே" என்று திட்டிக்கொண்டேதான் சொல்லிக்கொடுத்தார். நான் இன்னும் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன். பாதிக்கு மேல் முதல் வழியிலேயே மாட்டிவிடும்: யாரோ பல்பு மாற்றியபோது ஹோல்டரைச் சரியாகத் திருப்பி உட்கார வைத்திருக்கமாட்டார்கள், அல்லது ரப்பர் வளையம் மடங்கியிருக்கும். அதைச் சரிசெய்ய எந்தப் பசையும் தேவையில்லை.

கழற்றுவதைப் பற்றிச் சொல்கிறேன். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுவது நல்லது. குறைந்தபட்சம் சாவியை எடுத்துவிட்டு எல்லா லைட்டையும் அணையுங்கள். டிக்கியைத் திறந்தால், சில வண்டிகளில் லைட்டின் உள்பக்க விளிம்பிலேயே இரண்டு ஸ்க்ரூ தெரியும். சில வண்டிகளில் டிக்கிக்குள் இருக்கும் துணிப் பலகையை விலக்கினால் நட்டுகள் தெரியும். நட்டைக் கழற்றும் முன் கீழே இருக்கும் பள்ளத்தில் ஒரு பழைய துண்டைத் திணித்துவிடுங்கள். நட்டு நழுவி மட்கார்டின் உள்பக்கம் விழுந்தால், அது வண்டி விற்கும்வரை அங்கேயே குலுங்கிக்கொண்டிருக்கும். லைட்டைச் சுற்றியுள்ள பெயிண்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நட்டு, ஸ்க்ரூ எல்லாம் கழன்ற பிறகும் லைட் அசையாது, அப்போதுதான் பலர் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புகிறார்கள். வேண்டாம். வெளிப்பக்க விளிம்பில் இரண்டு பிளாஸ்டிக் குமிழ்கள் வண்டியின் உடம்பில் உள்ள கிளிப்புக்குள் மாட்டியிருக்கும். பக்கவாட்டில் இழுத்தால் அவை உடையும். வண்டியின் பின்பக்கமாக, நேராக, இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் 'டப்' என்று வரும். வந்ததும் விட்டுவிடாதீர்கள், ஒயரில் தொங்கும். கனெக்டரின் நாக்கை அழுத்திக்கொண்டு உருவுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

லைட் கைக்கு வந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த கட்டம். தண்ணீர் வந்த வழியில் தூசியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். உட்புறத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பழுப்புக் கோடு ஓடும். அந்தக் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் வாசல். தண்ணீர் தேங்கியிருக்கும் இடத்தைப் பார்த்துக் கீழே பூசுகிறவர்கள் இந்தக் கோட்டைப் பார்ப்பதே இல்லை.

வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ரிட்டையரான ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். போனபோது பார்க்கிங்கில் ஸ்டூல் போட்டு, நியூஸ்பேப்பர் விரித்து, லைட்டை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார். கழற்றிய விதம் சுத்தம், ஒரு கீறல் இல்லை. ஆனால், விளிம்பில் முக்கால்வாசி வெள்ளை சிலிகான்.

"எத்தனை தடவை பூசினாலும் நிக்கல தம்பி. இன்னும் தண்ணி போகுது."

"எங்க சார் பூசினீங்க?"

"எங்கன்னு என்ன, எல்லா இடத்துலயும்தான்."

கிட்டத்தட்ட எல்லா இடத்திலும்தான். பின்புறத்தில் இருந்த மூச்சுக் குழாயின் வாயிலும் ஒரு உருண்டை உட்கார்ந்திருந்தது.

"இத ஏன் சார் அடைச்சீங்க?"

"ஓட்டை இருந்தா தண்ணி போகாதா?"

"இது போற ஓட்டை இல்ல சார், மூச்சு விடுற ஓட்டை. கீழ பாத்து இருக்கு பாருங்க. இத அடைச்சதாலதான் மேல இருந்து இழுக்குது."

அவர் பாத்ரூம் டைல்ஸுக்கு வாங்கிய டியூபைத்தான் பூசியிருந்தார். ஹோல்டரைத் திருப்பி எடுத்ததும் உள்ளேயிருந்து வினிகர் நெடி குப்பென்று அடித்தது. இந்த வகை சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். திறந்த இடத்தில் அது காற்றோடு போய்விடும். அடைத்த டப்பாவுக்குள் எங்கே போகும்? பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சும் ஒரு ஓரத்தில் மங்கத் தொடங்கியிருந்தது. டியூப் வாங்கும்போது 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். வினிகர் நெடி அடித்தால் அதைக் குளியலறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பழைய சிலிகானை எடுப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. சிலிகானின் மேல் எதுவும் ஒட்டாது, இன்னொரு சிலிகான்கூடச் சரியாகப் பிடிக்காது. பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் சுரண்டி, மிச்சத்தை விரலால் உருட்டி எடுத்தோம். சார் பெட்ரோல் எடுத்துவரக் கிளம்பினார், தடுத்துவிட்டேன். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் எடுக்கிற திரவம், இவை எதுவும் அக்ரிலிக் பக்கம் வரக்கூடாது. பட்ட மறு நிமிஷம் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குள் வெள்ளி நூல்களாக மயிரிழை விரிசல்கள் கிளம்பும், முக்கியமாக ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றியும் வளைவான இடத்திலும். ஸ்பிரிட்கூட வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும்.

பிறகு சோதனை. மருந்துக்கடையில் கிடைக்கும் ட்ரிப் செட் குழாயை அடைப்பெடுத்த மூச்சு வழியில் மாட்டினோம். ஹோல்டர்களைப் பழையபடி திருப்பி வைத்து, லைட்டைத் துணி அலசும் டப்பில் முக்கி நான் பிடித்துக்கொண்டேன். குழாயின் மறுமுனையை சாரிடம் கொடுத்தேன். "மெதுவா ஊதுங்க சார், பலூன் ஊதுற அளவுகூட வேண்டாம்." சைக்கிள் பம்பு, கம்ப்ரஸர் எல்லாம் இதற்கு ஆகாது, நல்லா இருக்கிற விளிம்பையும் பிளந்துவிடும். அவர் ஊத, மேல் மூலையில், சிவப்புக் கண்ணாடி கூட்டோடு சேரும் இடத்தில், ஊசி முனை அளவு குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. அரை விரல் நீளம்கூட இல்லை. எப்போதோ பின்னால் யாரோ இடித்த தடம் பம்பரில் அதற்கு நேர் கீழே இருந்தது. பூசியிருந்த அத்தனை சிலிகானும் அந்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி முடிந்திருந்தது.

சார் குழாயை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தக் குமிழைப் பார்ப்பதற்காகவே ஊதிக்கொண்டிருந்தார்.

சவ்வு வைத்த லைட்டாக இருந்தால் அதன் வழியே ஊதக்கூடாது, கிழிந்துவிடும். ஒரு ஹோல்டரைக் கழற்றி, அந்த இடத்தில் குழாயைச் சுற்றி ஈரத்துணியை அடைத்து ஊதவேண்டும். இடம் தெரிந்ததும் ஓ.எச்.பி. மார்க்கரால் குறித்துவிடுங்கள், துடைத்த பிறகு கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது காயவைப்பது. இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். ஈரத்தோடு அடைத்தால் தண்ணீரைச் சிறை வைத்ததாகத்தான் அர்த்தம். எல்லா ஹோல்டரையும் எடுத்துவிட்டு, ஓட்டைகள் கீழே பார்க்க லைட்டை வெயிலில் சாய்த்து வைப்பேன். மழை நாள் என்றால் ஹேர் டிரையர், அதுவும் தள்ளிப் பிடித்து. பஞ்சர் கடைக் காற்றை அடித்தால் சீக்கிரம் காயும் என்று சிலர் கொண்டுபோவார்கள். கம்ப்ரஸர் டாங்கியில் தேங்கியிருக்கும் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே போய் உட்காரும். உள்ளே துணி விட்டுத் துடைக்கலாமா என்று கேட்பார்கள். கண்ணாடியின் உட்புறத்தை மெல்லத் துடைக்கலாம். வெள்ளிப் பூச்சின் மேல் விரல்கூடப் படக்கூடாது. அது பெயிண்ட் அல்ல. நீராவியாக்கிப் படியவைத்த அலுமினியம். துடைத்தால் துணியோடு வந்துவிடும், கூடு தெரியும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் வடிந்த பிறகு முடிச்சூர், வேளச்சேரிப் பக்கத்து வண்டிகளில் வெள்ளிப் பூச்சு பாழானதை நிறையப் பார்த்தேன். லைட்டுகள் விளிம்புவரை பழுப்புத் தண்ணீரால் நிரம்பியிருந்தன. விரிசல் ஒன்றும் இல்லை. முழுசாக மூழ்கியதால் மூச்சு வழியாகவும் ஹோல்டர் வழியாகவும் போனது. விளிம்பு நல்லா ஒட்டியிருந்ததால்தான் அது வெளியே வரவும் இல்லை. கவிழ்த்துக் கொட்டி, நல்ல தண்ணீர் விட்டு அலசினால் தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால், வெள்ளிப் பூச்சில் படிந்த வண்டல் போகாது. தேய்க்கவும் முடியாது. அந்த லைட்டுகள் எரியும், ஆனால் முன்பிருந்த வெளிச்சம் வராது. இன்சூரன்ஸ் உள்ளவர்கள் மாற்றிவிட்டார்கள். மற்றவர்களுக்குக் காயலான் கடை.

இனிதான் டியூப். விரிசல் இருக்கும் இடத்தை மட்டும், இரண்டு பக்கமும் கொஞ்சம் தாராளமாக, 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கவேண்டும். வழவழப்பில் எதுவும் பிடிக்காது. விரிசல் ஆழமாக இருந்தால் கத்தி முனையால் சின்ன வாய்க்கால் கீறிக்கொள்வேன். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப். நியூட்ரல் சிலிகானை அந்த வாய்க்காலில் வைத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பாக அழுத்தி இழுத்து, காயும் முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு உரித்தால் பசையும் சேர்ந்து வரும். விண்ட்ஷீல்டு ஒட்டுகிறவர்களின் கறுப்பு பி.யூ. பசையும் நன்றாகப் பிடிக்கும். கறுப்புக் கூட்டுப் பக்கம் பார்வைக்கும் தெரியாது. சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். அதனால் நம் ஊர் மழைக்காலத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் ஒரு இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் மறுபடி டப்பில் முக்கி ஊதிப் பார்த்தே மாட்டவேண்டும்.

ஃபெவிக்விக் வகைப் பசைகளை நான் கிட்டே சேர்ப்பதில்லை. காயும்போது அதன் ஆவி கண்ணாடியின் உள்ளே வெள்ளைப் புகையாகப் படிந்துவிடும். வெளியிலிருந்து துடைக்க வழியில்லை. எம்-சீல் பிடிக்கும், ஆனால் பிளாஸ்டிக் வெயிலில் விரிந்து சுருங்க, அது அசையாமல் நிற்க, ஒரு கோடையில் விளிம்போடு பிரிந்து நிற்கும். கிளிப்பில் மாட்டும் பின்பக்கக் குமிழ் உடைந்துபோனால் அதை நிமிர்த்தி வைக்க மட்டும் அதைப் பயன்படுத்துவேன்.

கீழ் மூலையில் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டுவிட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்று ஒரு வைத்தியம் தெருவுக்குத் தெரு உண்டு. வடியும், பொய் இல்லை. மாற்று லைட் கிடைக்காத பழைய வண்டிகளுக்கு நானே போட்டிருக்கிறேன். ஆனால், பின் சக்கரம் அடிக்கிற சேறும் அதே ஓட்டையின் வழியே ஏறும். இரண்டு மழைக்குள் உள்ளே மண் பூச்சு. வாசல் தெரிந்த லைட்டுக்கு அது தேவையில்லாத காயம்.

கண்ணாடியை முழுசாகப் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலை எப்போதாவது வரும்: உள்ளே சட்டம் உடைந்து கிடந்தால், அல்லது எல்.இ.டி. பலகையில் ஒரு வரிசை செத்துப்போனால். அப்போது மெல்லிய ரம்பத் தகட்டால் அந்த உருகிய வரப்பின் மேலேயே, கூட்டுப் பக்கம் சாய்த்து, சுற்றிலும் அறுக்கவேண்டும். அறுத்த தூள் அத்தனையும் உள்ளேதான் விழும். திரும்ப மூடும்போது பழைய வரப்பின் பலம் வராது; பியூட்டைலோ பி.யூ.வோ சுற்றிலும் ஓட்டி, கிளாம்ப் போட்டு வைக்கவேண்டும். செய்யத் தெரிந்த எனக்கே இதில் விருப்பம் இல்லை. புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ அதே மாடலுக்கு ஒரு நல்ல லைட் கிடைக்குமா என்றுதான் முதலில் விசாரிப்பேன். பழையது வாங்குகிறவர்கள் கண்ணாடியை மட்டும் பார்க்காமல் பின்பக்கக் குமிழ்களையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பிரிக்கிறவர்கள் அவசரத்தில் நெம்பியிருப்பார்கள்.

சில வண்டிகளில் லைட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் இருக்காது, ஆனால் டிக்கியில் ஸ்டெப்னி பள்ளத்தில் தேங்கி நிற்கும், விரிப்பு பூஞ்சை நெடி அடிக்கும். அதுவும் டெயில் லைட் கேஸ்தான். லைட்டுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் ஒரு ஸ்பாஞ்ச் கேஸ்கெட் இருக்கும். கழற்றி மாட்டும்போது அது கிழிந்தோ மடிந்தோ போனால் தண்ணீர் நேராக டிக்கிக்குள் இறங்கும். பழைய ஸ்பாஞ்சை முழுக்க எடுத்துவிட்டு பியூட்டைல் கயிற்றை விளிம்போடு ஓட்டினால் போதும். சிலிகானைப் பூசி லைட்டை உடம்போடு ஒட்டிவைக்கிறவர்கள் உண்டு. அடுத்தமுறை பல்பு மாற்றுகிறவர் அதைக் கழற்றும்போது பெயிண்டும் வரும், சாபமும் வரும். ஒழுகிப் பல மாதம் ஆன வண்டி என்றால் ஸ்டெப்னியைத் தூக்கித் துருவையும் பார்த்துவிடுங்கள்.

மாட்டுவதற்கு முன் ஹோல்டர் தகடுகளில் களிம்பை உப்புத்தாள் துண்டால் தேய்த்து எடுக்கவேண்டும். ரப்பர் வளையங்களுக்கு வாஸலின் தடவுவது பழைய பழக்கம். சில ரப்பர்கள் அதில் ஊறி உப்பிவிடும், சிலிகான் கிரீஸ்தான் சரி. டபுள் காண்டாக்ட் பல்பின் பக்கவாட்டுப் பின்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு பக்கமாகத்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள், அழுத்தித் திணிக்காதீர்கள். திணித்தால் பார்க்கிங்குக்கு 21 வாட் இழை எரியும், பிரேக்குக்கு 5 வாட். பின்னால் வருகிறவர் குழம்புவது ஒருபுறம். விடிய விடிய எரிந்த சூட்டில் ஹோல்டர் இளகும்.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் லேசாக மினுக்குகிறதா? இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் கூடவே துடிக்கிறதா? பல்பையும் சுவிட்சையும் மாற்றிப் பார்த்து அலுத்துப்போய் வருவார்கள். எர்த் கோளாறு. தண்ணீர் நின்ற லைட்டில் முதலில் அரிப்பது எர்த் தகடுதான். திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட், பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. எர்த்தைத் தேய்த்து இறுக்கினால் எல்லாம் அடங்கிவிடும்.

எஃப்.சி.க்குப் போகும் டாக்ஸிக்காரர்கள் உடைந்த கண்ணாடியின் மேல் சிவப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. ஓட்டை வழியே பல்பின் வெள்ளை வெளிச்சம் பின்னால் தெரியக்கூடாது என்பதற்காக. ரிவர்ஸ் எடுக்கும்போது தவிர பின்னால் வெள்ளை தெரிந்தால், வண்டி எதிரே வருகிறதா முன்னே போகிறதா என்று இருட்டில் தெரியாது. அன்றைக்கு வீடு போய்ச்சேர டேப் சரி. அதோடு ஒரு மழைக்காலத்தைக் கடத்த நினைப்பது சரியில்லை. டேப்பின் ஓரத்தில் தங்குகிற தண்ணீர் உடைந்த வாயில் போய்க்கொண்டேயிருக்கும்.

இப்போது வருகிற கார்களில் பல எல்.இ.டி.தான். பல்பு இல்லை, ஹோல்டர் இல்லை, அதனால் ஒழுகும் வழியும் குறைவு. ஆனால், தண்ணீர் போய்விட்டால் நாசம் அதிகம். பலகையில் களிம்பு ஏறினால் சின்ன விளக்குகள் ஒவ்வொன்றாகச் சாகும். முழு லைட்டாகத்தான் மாற்றவேண்டும். சில மாடல்களுக்கு விலை ஐந்து இலக்கத்தில். பழைய பல்பு லைட்டில் அந்த 21 வாட் சூடு உள்ளே இருந்த வேர்வையைத் தானே காயவைத்துக்கொண்டிருந்தது. எல்.இ.டி.யில் அந்தச் சூடு இல்லை, அதனால் வேர்த்தால் கலைய நாள் பிடிக்கும். இதைப் பார்த்துப் பயந்து டியூபை எடுக்க வேண்டாம். வாரண்டி இருக்கும் வண்டியில் எதையும் பூசவே வேண்டாம். பூசியதைப் பார்த்தால் மாற்றித் தரமாட்டார்கள். வேர்வை இரண்டு மூன்று வெயில் நாள் கழிந்தும் போகவில்லை என்றால் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். வாரண்டி முடிந்த வண்டி என்றால் மூச்சுச் சவ்வில் சேறு அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஈரப் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாலே பல சமயம் தீர்ந்துவிடும்.